ஒரு பக்கம் மட்டும் பிரித்த போர்வை

என் அண்ணிக்குப் பம்பரம் என்று பட்டப்பெயர் வைத்தவள் நான்தான். அவளுக்கு அது தெரியும். கோபம் கிடையாது. கோபித்துக்கொள்வதற்கும் ஓர் இடத்தில் கொஞ்ச நேரம் உட்கார வேண்டுமே. சாப்பாட்டை நின்றுகொண்டுதான் சாப்பிடுவாள். பல் தேய்க்கிற நேரத்தில் இடது கையால் ஜன்னல் கம்பியைத் துடைத்துக்கொண்டிருப்பாள். போனில் பேச ஆரம்பித்தால் வாசலுக்கும் கொல்லைக்கும் நடந்தே அந்தப் பேச்சை முடிப்பாள்.

முடிந்துபோன வேலை எதுவானாலும் அவள் கண்ணை உறுத்தும். தலையணை உறை தைத்து முடித்த மறுவாரமே அதைப் பிரித்து ஓர் அங்குலம் குறைப்பாள். சமையலறை அலமாரியை நாலு தடவை இடம் மாற்றியிருக்கிறாள். நாலாவது தடவை அது பழைய இடத்துக்கே வந்து சேர்ந்தது. மகளின் பள்ளிக்கூடச் சீருடையை விட்டு விட்டுப் பிரித்துத் தைத்ததில், அந்தப் பெண் ஒரே வருஷத்தில் மூன்று தடவை வளர்ந்து ஒரு தடவை குறைந்தும் போனாள்.

அவள் முடித்துவிட்டுத் திரும்பத் தொடாத பொருள் ஒன்றே ஒன்றுதான் அந்த வீட்டில் இருந்தது. அவளுடைய போர்வை.

நாங்கள் இரண்டு பேரும் ஜன்னல் திரைச்சீலை தைக்கிற கடையில் வேலை பார்க்கிறோம். முன்னால் கடை, பின்னால் நீளமாக ஒரு கூடம். அவள் தைக்கிறவள், வெளிச்சம் விழுகிற மூலையில் இருக்கிற மெஷின் அவளுடையது. நான் வெட்டுகிறவள். எனக்கென்று பதினெட்டு அடி மேஜை உண்டு. திரைச்சீலைக் கணக்கு சுலபம்: ஜன்னல் அகலம் எவ்வளவோ அதில் இரண்டு மடங்கு துணி வெட்ட வேண்டும், அப்போதுதான் மடிப்பு விழும். நாலடி ஜன்னலா, எட்டடி துணி. இருபத்திரண்டு வருஷமாக வெட்டுகிறேன். இப்போதெல்லாம் கணக்கை என் தலை போடுவதில்லை, கையே போட்டுக்கொள்கிறது. இதைப் போன மாதம் வரைக்கும் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

அந்தக் கடையில் சாம்பிள் புத்தகங்கள் உண்டு. கனமான அட்டைக்குள் பக்கத்துக்கு ஒரு துணியாக ஒட்டியிருக்கும். வருஷம் முடிந்தால் பழைய புத்தகத்தைத் தூக்கிப் போட்டுவிடுவார்கள். கல்யாணமான புதிதில் அண்ணி அந்தப் புத்தகங்களிலிருந்து துணிகளைக் கிழித்து எடுத்து, பசை போக அலசி, ஒன்பது அங்குலச் சதுரமாக வெட்டினாள். அகலத்துக்கு ஆறு, நீளத்துக்குப் பத்து, ஆக அறுபது துண்டு. கீழே ஒரு துணி, நடுவில் பஞ்சு, மேலே இந்த ஒட்டு. மூன்றும் நகராமல் முழுக்கக் கையாலேயே ஓட்டத் தையல் போட்டு, சுற்றிலும் நீலப் பட்டியை வைத்து ஓரம் கட்டினாள். முடிக்க மூன்று வருஷம் ஆயிற்று. ஒற்றைக் கட்டிலுக்கு அளவெடுத்துத் தைத்தது.

ஒற்றைக் கட்டில் ஏன் என்று கேட்பீர்கள். என் அண்ணன் தொலைதூர லாரி ஓட்டினான். மாதத்தில் நாலு நாள் வீட்டில் இருந்தால் பெரிது. வருவது ஒரு நேரம், கிளம்புவது ஒரு நேரம். அவள் தூக்கத்தைக் கெடுக்க வேண்டாம் என்று முன்னறை சோபாவில் படுத்துக்கொள்வான். முதலில் இரக்கப்பட்டுச் செய்தான், பிறகு அதுவே பழக்கமாகிவிட்டது. மகள் சின்னவளாக இருந்தவரை அம்மாவை ஒட்டிக்கொண்டு படுத்தாள், வளர்ந்ததும் தனியாகப் படுத்தாள், வேலை கிடைத்ததும் வேறு ஊருக்குப் போய்விட்டாள். இருபத்தேழு வருஷம் இப்படியே ஓடிப்போயிற்று. பகலெல்லாம் சுற்றுகிற அண்ணி அந்தப் போர்வைக்குள் நுழைந்தால் அடித்துப் போட்டது போலத் தூங்குவாள். பம்பரம் நிற்கிற இடம் அது ஒன்றுதான்.

போன மாதம் அண்ணனுக்குக் கண் பரிசோதனை செய்தார்கள். இடது கண்ணில் பார்வை குறைந்திருந்தது, லைசென்ஸைப் புதுப்பிக்க மறுத்துவிட்டார்கள். பதினைந்து நாளில் வண்டியை ஒப்படைத்துவிட்டு ஒரேயடியாக வீட்டுக்கு வருவதாகச் சொன்னான். மகளுக்கு விஷயம் தெரிந்ததும் ஐந்தடி அகலத்தில் புதுக் கட்டில் ஒன்றை வாங்கி அனுப்பினாள். "அப்பா இனிமேலாவது காலை நீட்டிப் படுக்கட்டும்" என்று போனில் சொன்னாளாம். புதுசைக் கொண்டுவந்தவர்களே பழைய ஒற்றைக் கட்டிலை ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள்.

அன்று சாயங்காலம் நான் போனபோது அண்ணி புதுக் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து போர்வையின் நீலப் பட்டியைப் பிரித்துக்கொண்டிருந்தாள்.

"அகலம் பத்தாதுல்ல? சேர்த்துத் தைக்கணும்" என்றாள்.

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. மறுநாள் போனால் பட்டி பழையபடி தைத்திருந்தது. அதற்கு மறுநாள் பாதி பிரித்திருந்தது. மூன்றாம் நாள் மறுபடி ஒட்டியிருந்தது. ஊசி போன ஓட்டையிலேயே திரும்பத் திரும்ப ஊசி போய் அந்தப் பட்டி நைந்துபோய்விட்டது. கடையில் மதியம் டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு கேட்டேன். அவள் வழக்கம்போல நின்றுகொண்டிருந்தாள்.

"என்ன அண்ணி, விளையாடறீங்களா? தலையணை உறையை நூறு தடவை பிரிக்கத் தெரியுது. இதைப் பிரிக்க மட்டும் கை வரலையா?"

"கைக்கு என்ன, வரும். மனசுதான் வரலை."

"அண்ணன் வர்றது பிடிக்கலையா?"

அவள் மெஷினைச் சுற்றிவந்து நூல் பெட்டியைத் திறந்தாள், மூடினாள், மறுபடி திறந்தாள். "பிடிக்காம என்னடி. பயமா இருக்கு. எனக்கு அவரை நாலு நாளைக்குத்தான் பழக்கம். அஞ்சாவது நாள் என்ன பேசறதுன்னு தெரியாது. அந்தப் போர்வைக்குள்ள நான் ஒருத்தியாவே இருந்து பழகிட்டேன். அதைப் பிரிச்சா எனக்குத் தூக்கம் போயிடும்னு பயம். சிரிக்காதே."

நான் சிரிக்கவில்லை. எனக்கு எரிச்சல்தான் வந்தது. அவன் என் கூடப்பிறந்தவன். கண்ணும் போய், வண்டியும் போய் வருகிற ஆளுக்குப் போர்வையில் இடம் கொடுக்க இத்தனை யோசனையா என்றுதான் அன்றைக்கு எனக்குத் தோன்றியது.

அண்ணன் வந்தான். இருபத்தேழு வருஷமாகத் தூக்கிக்கொண்டு அலைந்த அதே தோல்பையோடு வந்து சோபாவில் உட்கார்ந்தான். பையை மட்டும் வாசற்படி பக்கத்திலேயே வைத்தான். அவள்தான் பம்பரம் என்று நினைத்திருந்தேன், அவன் அதற்கு மேல் இருந்தான். விடிவதற்கு முன்னாலேயே எழுந்து தெருவை மூன்று சுற்று சுற்றுவான். ஒழுகாத குழாயைக் கழற்றிப் பார்ப்பான். உட்கார்ந்தால் வலது கால் தன்பாட்டுக்குத் தரையை அமுக்கிக்கொண்டே இருக்கும், பிரேக் இருக்கிறதாக நினைப்பு. அவள் சமையலறையிலிருந்து முன்னறைக்கு வந்தால் அவன் கொல்லைக்குப் போவான். அவள் கொல்லைக்குப் போனால் அவன் வாசலுக்கு வருவான். ஒருவருக்கொருவர் வழிவிட்டுக்கொண்டே இருந்தார்கள். பார்க்கிற எனக்குத்தான் தலை சுற்றியது.

படுக்கிற நேரம் வந்தால், "போர்வை இன்னும் தயாராகல, குளிரும், நீங்க சோபாலயே படுத்துக்குங்க" என்பாளாம் அவள். "சரி" என்பானாம் அவன். அந்த ஐந்தடிக் கட்டிலில் ஓரமாக ஒடுங்கிப் படுத்துவிட்டு, மறுநாள் சிவந்த கண்ணோடு கடைக்கு வருவாள். அப்படிப் பத்து நாள் போயிற்று. போர்வையைப் பிரிக்காமலேயே அவள் தூக்கம் போய்விட்டது.

பதினோராம் நாள், புதன்கிழமை, மதியம் அண்ணன் கடைக்கு என்னைத் தேடி வந்தான். அண்ணி அளவெடுக்க ஒரு வீட்டுக்குப் போயிருந்தாள். மேஜை முனையில் சாய்ந்து நின்றுகொண்டு சொன்னான்:

"லாரி ஷெட்டுல ஒரு ஆள் வேணுமாம். ராத்திரி பகல் அங்கயே தங்கி வண்டிங்களைப் பார்த்துக்கணும். ரூம் இருக்கு. திங்கட்கிழமை சேரச் சொல்லிட்டாங்க."

"உனக்கு என்ன பைத்தியமா? இப்பதானே வந்த?"

"வந்தேன். வந்து பார்த்துட்டேன்ல." கால் தரையை அமுக்கியது. "போர்வை தயாராகலன்னு சொல்றா. பத்து நாளா ஒரு போர்வை தயாராகலன்னா என்ன அர்த்தம்? நான் லாரி ஓட்டினவன்தான், மடையன் இல்லை. அவ ஒண்ணும் தப்பா சொல்லல. அவ வீட்ல அவ பாட்டுக்கு இருந்தா. இப்ப என்னால அவளுக்குத் தூக்கம்கூட போச்சு. நான் அங்க போயிட்டா ரெண்டு பேருக்கும் நிம்மதி."

சொல்லிவிட்டு, அவளிடம் சொல்லாதே என்றும் சொன்னான். என்னிடம் போய் இதைச் சொன்னானே! அண்ணி செருப்பைக் கழற்றுவதற்குள் நான் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்.

அவள் முகம் விழுந்துபோயிற்று. முதல் தடவையாக, கையில் வேலை எதுவும் இல்லாமல், என் மேஜை பக்கத்தில் இருக்கிற துணி மூட்டைமேல் உட்கார்ந்தாள். சேலைத் தலைப்பை விரலில் சுற்றுவதும் அவிழ்ப்பதுமாக இருந்தாள்.

"போறேன்னா சொன்னாரு?"

"சொல்லாம என்ன செய்வான்? நீங்க இடம் கொடுத்தீங்களா?"

பிறகு, "ஒரு பக்கம் மட்டும் பிரிக்கிறேன்" என்றாள். "என் பக்கத்தை விட்டுடு. அவர் பக்கம் எவ்வளவு வேணுமோ அவ்வளவு சேர்த்துக்கலாம். நீ வெட்டிக் கொடு. என்னை அளவு கேக்காதே, வெட்டி மட்டும் கொடு, தைச்சிடறேன். யோசிக்க விட்டா மறுபடியும் ஒட்டிடுவேன்."

அவள் மனம் மாறுவதற்குள் நானே வீட்டுக்கு ஓடி, கட்டிலை அளந்து, உள்ளங்கையில் பேனாவால் குறித்துக்கொண்டு திரும்பினேன். பழைய போர்வை நாலரை அடி அகலம். நீளம் ஏழரை. சாம்பல் நிறத்தில் கெட்டியான மிச்சத் துணி ஒன்று முதலாளியிடம் கேட்டு வைத்திருந்தேன், அதை மேஜையில் விரித்தேன். கத்தரிக்கோல் தன்பாட்டுக்கு ஓடியது. நான் மனதுக்குள் ஒரு நிமிஷம் அண்ணனோடும் மறு நிமிஷம் அண்ணியோடும் சண்டை போட்டுக்கொண்டிருந்தேன். மேல் துணி, கீழ்த் துணி, நடுவில் வைக்கப் பஞ்சு விரிப்பு என்று வெட்டி, சுருட்டி, அவள் மெஷினில் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தேன்.

வியாழனும் வெள்ளியும் மதியச் சாப்பாட்டு நேரத்தில் தைத்தாள். சேர்க்கிற பாகத்தைத் தனிப் போர்வையாகவே முடித்துவிட்டு, பிறகு பழையதோடு பக்கத்தில் வைத்து, சேருகிற இடத்தின் மேலும் கீழும் பட்டி வைத்து மூடுவதுதான் முறை. என் மேஜைமேல் அடுத்த வேலை விரிந்துகிடந்தது, மெஷின் பக்கம் எந்தத் துணியையும் முழுக்க விரித்துப் பார்க்க இடமில்லை. மெஷினுக்கு இந்தப்புறம் சுருளாக ஏறும், அந்தப்புறம் சுருளாக இறங்கும். ஆனாலும் அவள் மெஷின் ஓடிய வேகத்தைப் பார்த்து எனக்கே பயமாகத்தான் இருந்தது. இரண்டு ஊசி உடைந்தது.

சனிக்கிழமை பழைய போர்வையைக் கொண்டுவந்தாள். அவன் பக்கத்து நீலப் பட்டியைப் பிரித்தாள். பட்டிக்குக் கீழே மறைந்திருந்த விரலகலத் துணி அத்தனையும் சாம்பிள் புத்தகத்திலிருந்து கிழித்த அன்றைக்கு இருந்த நிறத்திலேயே இருந்தது. ஒன்று பளிச்சென்ற மஞ்சள். அதே துண்டு வெளியே வெளுத்து மண் நிறமாகிவிட்டிருந்தது. "இது மஞ்சளாடி? எனக்கு மறந்தே போச்சு" என்றாள். ஒரு நிமிஷம் கை நின்றது. மறுபடி ஒட்டிவிடப் போகிறாள் என்று நான் மெஷின் பக்கத்திலேயே போய் நின்றுகொண்டேன். ஒட்டவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு சேர்த்துத் தைத்தாள்.

சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு அவள் வீட்டுக்கு வந்தவள் நான்தான்.

"ஏன் இவ்வளவு கனமா இருக்கு?" என்று நடுவழியில் கேட்டேன்.

"புதுப் பஞ்சு, அப்படித்தான் இருக்கும்" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் போனேன். முந்தின ராத்திரி விரிக்கத் தைரியம் வராமல் அண்ணி போர்வையைச் சுருளாகவே வைத்திருந்தாள். வாசற்படி பக்கத்தில் தோல்பை ஜிப் போட்டுத் தயாராக இருந்தது. அண்ணன் கொல்லையில் எதையோ கழற்றிக்கொண்டிருந்தான். நானும் அண்ணியும் ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்துப் போர்வையைக் கட்டில்மேல் உதறினோம்.

அது விரிந்தது. கட்டிலை மூடியது. மறுபுறம் இறங்கித் தரையைத் தொட்டது. அதோடு நிற்கவில்லை, தரையில் ஊர்ந்து சுவர் வரைக்கும் போய் அங்கே மடங்கிக் குவிந்தது. கட்டிலுக்கு யாரோ பாவாடை கட்டிவிட்டது மாதிரி இருந்தது.

நான் என் உள்ளங்கையைப் பார்த்தேன், மை அழிந்துபோயிருந்தது. அப்புறம்தான் உறைத்தது. கட்டில் ஐந்தடி. ஐந்தடி என்றதும் என் கை அதை ஜன்னலாக்கிப் பத்தடி போட்டுவிட்டது. பத்தில் நாலரை போக ஐந்தரை அடி புதுத்துணி. ஓரம் தொங்குவதற்கும் சேர்த்து ஒன்றரை அடி வெட்ட வேண்டிய இடத்தில் ஐந்தரை! இருபத்திரண்டு வருஷ அனுபவம்! எனக்குக் காது வரைக்கும் சுட்டது.

"அண்ணி, மடிப்புக்கு... மடிப்புக்குச் சேர்த்து வெட்டிட்டேன்" என்றேன்.

"போர்வைக்கா மடிப்பு?" அவள் தலையில் கை வைத்தாள். "நாளைக்கு அவர் கிளம்பிடுவார்டி. இதைப் பிரிச்சுத் திரும்பத் தைக்க ரெண்டு நாள் ஆகும். கத்தரிக்கோலை எடு, இப்பவே நேரா வெட்டிடலாம், ஓரத்தை அப்புறம் கட்டிக்கலாம். எடுடி!"

கத்தரிக்கோலை அவளே எடுத்தாள். சுவரோரம் மண்டியிட்டு உட்கார்ந்து எங்கே வெட்டுவது என்று சாணால் அளக்க ஆரம்பித்தாள். அப்போதுதான் அண்ணன் துணியில் கையைத் துடைத்துக்கொண்டே உள்ளே வந்தான்.

அவன் போர்வையைப் பார்த்தான். இந்தக் கோடியில் அவளுடைய பழைய அறுபது துண்டு, நடுவில் பட்டி, அங்கிருந்து சாம்பல் நிறம் தொடங்கிச் சுவர் வரைக்கும். நல்ல கண்ணால் ஒரு தடவை, தலையைத் திருப்பி மறுபடி ஒரு தடவை பார்த்தான்.

"இது எது வரைக்கும் என்னோடது?" என்று கேட்டான்.

அவள் பட்டியைக் காட்டினாள். "அங்கேருந்து."

"அங்கேருந்து... அந்தச் சுவர் வரைக்குமா?"

அவன் கட்டிலின் அந்த ஓரத்தில் உட்கார்ந்தான். தரையில் கிடந்ததை இழுத்து மேலே போட்டான், போட்டுக்கொண்டே படுத்தான். லாரி கேபினில் படுக்கிறவர்கள் உருண்டு விழாமல் இருக்கப் போர்வையை நாலு பக்கமும் உடம்புக்குக் கீழே செருகிக்கொள்வார்கள். அதே மாதிரி செருகினான். முதுகுக்குக் கீழே ஒரு சுற்று, காலுக்குக் கீழே ஒரு சுற்று. சுற்றி முடித்த பிறகும் கொஞ்சம் மிச்சம் இருந்தது. பட்டி இழுபடவில்லை. அவளுடைய பக்கத்தில் ஒரு சுருக்கம்கூட விழவில்லை.

"கேபின்ல ரெண்டடிதான்" என்றான், கூரையைப் பார்த்துக்கொண்டு. "இருபத்தேழு வருஷம் ரெண்டடிக்குள்ளயே படுத்திருக்கேன். எனக்கு ஒரு ஓரமா, ஒரு சாண் விட்டாப் போதும்னு நெனச்சேன். நீ இதுக்குத்தான் இத்தனை நாள் எடுத்துக்கிட்டியா? எனக்கு இவ்ளோ இடமா விட்ட?"

அண்ணி என்னைப் பார்த்தாள். கையில் கத்தரிக்கோல் திறந்தபடியே இருந்தது. என் வாய் எப்படிப்பட்டது என்று ஊருக்கே தெரியும், அவளுக்கு இன்னும் நன்றாகத் தெரியும். சத்தியமாகச் சொல்கிறேன், தப்பு நான் செய்தது என்று சொல்ல வாயைத் திறந்தேன். மூடிக்கொண்டேன். என் ஆயுசிலேயே அதுதான் முதல் தடவை.

அவள் கத்தரிக்கோலை மெதுவாக மூடி முதுகுக்குப் பின்னால் வைத்தாள்.

"பத்தலைன்னா சொல்லுங்க, இன்னும் சேர்க்கலாம்" என்றாள்.

அவன் சிரித்தானா அழுதானா தெரியவில்லை, முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டான். கொஞ்ச நேரத்தில் அவன் காலைப் பார்த்தேன். போர்வைக்குள் அது அசையவில்லை. பட்டப் பகலில், காலை பத்து மணிக்கு, தூங்கிவிட்டான். அண்ணி சமையலறைக்குப் போனாள், திரும்பி வந்தாள், ஜன்னலைச் சாத்தினாள், மறுபடி பாதி திறந்தாள். கடைசியில் தன் பக்கத்து ஓரத்தில் வந்து உட்கார்ந்து பழைய துண்டுகளைக் கையால் நீவிக்கொண்டிருந்தாள். நான் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினேன். வாசலில் அந்தத் தோல்பை காலை இடறியது. தூக்கி அலமாரிக்குமேல் போட்டுவிட்டுத்தான் போனேன்.

திங்கட்கிழமை லாரி ஷெட்டிலிருந்து போன் வந்ததாம், ஆள் வரமாட்டார் என்று அண்ணியே சொல்லிவிட்டாளாம். அவள் இன்னும் நின்றுகொண்டுதான் சாப்பிடுகிறாள். அவன் இன்னும் ஒழுகாத குழாய்களைக் கழற்றுகிறான். போன வாரம் அலமாரி ஐந்தாவது தடவையாக இடம் மாறியது, இந்தத் தடவை இரண்டு பேரும் சேர்ந்து தூக்கினார்கள். கட்டிலுக்கு அந்தப் பக்கம் போர்வை தரையில் புரள்கிறது, பெருக்கும்போது தூக்கிப் பிடிக்க வேண்டியிருக்கிறது. நாலடி மிச்சம், நேராக வெட்டி ஓரம் கட்டித் தருகிறேன் என்று ஒரு நாள் கத்தரிக்கோலோடு போய் நின்றேன். அண்ணி அதை என் கையிலிருந்து பிடுங்கி வைத்துக்கொண்டாள். இன்னும் திருப்பித் தரவில்லை.